டாக்டரம்மாவின் வீட்டுக்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிப் போர்ஷனுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. மனைவி டாக்டர். எம்.பி.பி.எஸ். முடித்து, மேல்படிப்புக்கு இந்த ஊரில் இடம் கிடைத்திருக்கிறது. கணவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

சாமான் இறக்கி முடிந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தான் அந்தப் பையன். குடித்தான். போகவில்லை. நின்றான்.

"அங்கிள், இவ படிப்புக்காக இது மூணாவது ஊர். பாப்பா நேத்துலருந்து சரியா சாப்பிடல. நாங்க செய்யறது சரிதானா?"

கேட்ட இடம் சரியான இடம்தான். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரசம் சாதம் குடுத்துப் பாருங்க தம்பி." அவ்வளவுதான்! அவன் படியேறிப் போன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான். அதனால்தான் பத்தி எழுதுகிறேனோ, என்னவோ.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் மனைவி ஜெயராணியைத் தெரியும். நான் தமிழ் வாத்தியார். அவள் டாக்டர். அவள் மதுரையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது எங்கள் மகள் அமுதா பிறந்தாள். அப்புறம் திண்டுக்கல்லில் கொஞ்ச நாள். எழுபதுகளின் கடைசியில், பண்ணைக்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. எனக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார் வேலை. அமுதாவுக்கு நாலு வயசு. அதற்குள் மூன்று வீடு பார்த்துவிட்டாள்.

வத்தலக்குண்டில் பஸ் ஏறினோம். படுக்கைச் சுருள், ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அவளுடைய புத்தகங்கள். வளைவுகளில் அமுதா மூன்று முறை வாந்தி எடுத்தாள். பண்ணைக்காட்டில் இறங்கினால், ஆஸ்பத்திரி ஆயா புஷ்பம் காத்துக்கொண்டிருந்தாள். நேராக என்னிடம் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"வாங்க டாக்டரய்யா."

"டாக்டர் அவங்க."

புஷ்பம் ஜெயராணியைப் பார்த்தாள். அமுதாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த, தானும் தலைசுற்றி வெளிறிப்போயிருந்த அந்த ஒல்லிப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப நீங்க?"

"அவங்க வீட்டுக்காரர்."

"அப்படீங்களா..." என்றாள். பெட்டியை மறுபடி என் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்!

ஒரு மாசம் இதே கூத்துதான். மிளகுக் கொடி வைத்திருக்கும் விவசாயி ஒருவர் டீக்கடையில் என் முன்னால் நாக்கை நீட்டி, "பாருங்க, வெள்ளையா கெடக்கு" என்றார். பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. அதற்கு மேல் தொல்காப்பியத்தில் வைத்தியம் இல்லையே!

சிரிப்பெல்லாம் வெளியில்தான். வீட்டுக்குள் அமுதா பேச்சை நிறுத்தியிருந்தாள்.

மதுரையில் வாய் ஓயாத குழந்தை. திண்டுக்கல் போனதும் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. இங்கே பன்னிரண்டு நாள். கூப்பிட்டால் வருவாள், சாப்பிடுவாள், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மேகம் பார்ப்பாள். ஒரு வார்த்தை இல்லை. ஊரில் எல்லாருக்கும் மருந்து எழுதுகிற ஜெயராணி, தன் குழந்தைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் தவித்தாள்.

பகலில் புஷ்பத்தின் வீட்டுப் பெரியவர்களிடம்தான் விட்டுவிட்டுப் போவோம். புஷ்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். பதிமூன்றாம் நாள் நான் கூப்பிடப் போனேன். அமுதா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்து, தெளிவாகச் சொன்னாள்:

"தேத்தண்ணி குடிக்கிறேன். இருங்க."

எங்கள் வீட்டில் யாரும் டீயை அப்படிச் சொன்னதே இல்லை. மதுரைப் பேச்சை மலைக்குக் கீழேயே விட்டுவிட்டு, சிலோன் பேச்சோடு திரும்பி வந்திருந்தாள் என் மகள். அன்றைக்கு நானும் இரண்டு டம்ளர் தேத்தண்ணி குடித்தேன்.

அப்புறம் ஒன்றரை வருஷம் நன்றாக ஓடியது. அமுதாவுக்குக் கூட்டாளிகள் கிடைத்தார்கள். எனக்கும் வேலை பிடித்துவிட்டது. இனி இங்கேதான் என்று மனசு ஒரு பாயை விரித்துப் படுத்த நேரம்...

ஒருநாள் காலை பதினோரு மணி இருக்கும். மேலே ஒரு கிராமத்திலிருந்து ராக்கம்மா என்கிற பெண்ணை டோலியில் தூக்கி வந்தார்கள். முதல் பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு வசதி இல்லை; ஜெயராணிக்கு அந்த ஆபரேஷன் செய்த பழக்கமும் இல்லை. ஜீப் பிடித்து, கீழே கொண்டுபோகத் தானே கூட ஏறிக்கொண்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். சேலை முழுக்கக் கறை. என்னைப் பார்த்து, "ரெண்டு பேருமே இல்லைங்க" என்றாள். எந்த வளைவில் என்றும் சொன்னாள். அதை நான் எழுத வேண்டாம்.

மேல்படிப்புக்கு அவள் விண்ணப்பம் போட்டது அந்த வாரம்தான். சில மாதங்களில் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. பிரசவ மருத்துவத்தில் டிப்ளமோ. இரண்டு வருஷம்.

கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "வேணாம்னு எழுதிடட்டுமா? ஊர் மாறினா அமுதா மறுபடி பேச்சை நிறுத்திடுவா" என்றாள்.

"நீ போ. நானும் அவளும் இங்கேயே இருக்கோம். ஊர் மாறினாத்தானே பிரச்சினை?"

எவ்வளவு புத்திசாலித்தனமான யோசனை! வாத்தியார்களுக்கு இது ஒரு வியாதி. கணக்கு சரியாக வந்துவிட்டால் விடையும் சரி என்று நினைத்துக்கொள்வோம்.

முதல் தடவை இரண்டு மாசத்தில் வந்தாள். அப்புறம் டியூட்டி, பரீட்சை என்று லீவு கிடைக்கவில்லை. அடுத்து வந்தபோது மேலும் ஐந்து மாசம் ஓடியிருந்தது. நானும் அமுதாவும் புஷ்பமும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தோம். ஜெயராணி இறங்கி, பையைக் கீழே போட்டுவிட்டுக் கையை விரித்தாள்.

அமுதா புஷ்பத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். புஷ்பத்தின் முந்தானையை இழுத்து, "டாக்டரம்மா வந்துட்டாங்க" என்றாள்.

மறந்துவிடவில்லை. ஆறரை வயசுக் குழந்தை அம்மாவை மறக்குமா? ஆனால் ஏழு மாசமாக ஊரே என்னைப் பார்த்து, "டாக்டரம்மா எப்ப வருவாங்க?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டு அவளுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

"ஏ புள்ள, அம்மாடி அது! ஒங்க அம்மா!" என்று புஷ்பம் பதறினாள்.

ஜெயராணி சிரித்தாள். "பரவாயில்ல புஷ்பம்" என்றாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவப் போனவள், ஒரு குடம் தண்ணீர் தீரும்வரை கழுவிக்கொண்டே இருந்தாள்.

இரண்டாம் நாள் காலையில், "நான் திரும்பிப் போகலைங்க" என்றாள். கோபமில்லை, அழுகையுமில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "ராக்கம்மா மாதிரி யாராவது வந்தா மறுபடி ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போறேன். என்ன செய்ய? என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

வெளியே வந்தேன். புஷ்பம் முற்றத்தில் காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் குனிந்த தலை நிமிராமல் கொட்டையைப் பரப்பிக்கொண்டே பேசினாள்.

"எம் மூத்த மவ அங்கிட்டே நின்னுட்டா சார். அவ புருஷனுக்கு சிலோன் பிரஜைன்னு பேப்பர் குடுத்தாங்க, எங்களுக்கு இந்தியா பேப்பர். கப்பல் ஏறுன அன்னைக்குப் பாத்தது. அவளுக்கு ரெண்டு புள்ளையாம். ஆணா பொண்ணான்னுகூட கடுதாசி பாத்துத்தான் தெரியும்."

ஒரு சொத்தைக் கொட்டையைப் பொறுக்கி வீசினாள்.

"எனக்குக் குறுக்க கடலு கெடக்கு. ஒங்களுக்கு என்ன கெடக்கு? ஒரு ரயிலுதானே! வெரசா ஏறிப் போகாம இங்க என்ன சோலி ஒங்களுக்கு?"

என்னைவிட நாலைந்து வயசுதான் மூத்தவள். கோபமாகத்தான் கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம்தான். என்ன சோலி எனக்கு? அமுதாவுக்காக இங்கே இருப்பதாகச் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் உடைத்துப் பார்த்தால், எனக்கு வேலை பிடித்திருந்தது, வீடு பிடித்திருந்தது, மறுபடி பெட்டி கட்ட அலுப்பாக இருந்தது. குழந்தையின் பெயரைச் சொல்லி நாம் எத்தனை காரியம் செய்துகொள்கிறோம், இல்லையா?

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ராஜினாமா கொடுத்தேன். தலைமையாசிரியர், "பொண்டாட்டி படிக்கிறதுக்காகவா?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்றேன். இரண்டாவது முறை சொல்லும்போது சுலபமாக இருந்தது.

மெட்ராஸில் எழும்பூர் பக்கம் ஒற்றை அறை. நான் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன், சமைத்தேன். மலைக் குளிரில் வளர்ந்த அமுதாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. எதிர்பார்த்தபடியே பேச்சும் நின்றது. தினமும் மத்தியானம் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரி கேட்டுக்குப் போவோம். ஜெயராணி வந்து மரத்தடியில் நின்றபடியே சாப்பிடுவாள். பத்து நிமிஷம் கிடைக்கும். ஒரு கையால் சாப்பாடு, இன்னொரு கையால் அமுதாவின் தலையைத் தடவிக்கொண்டே இருப்பாள். அமுதா தடவ விடுவாள். அவ்வளவுதான்.

மூன்று வாரம் இப்படியே போனது. ஒருநாள் ஜெயராணி கேட்டைத் தாண்டி, வேறு டாக்டர்களோடு பேசிக்கொண்டே எங்களைக் கவனிக்காமல் நடந்து போனாள். எல்லாரும் வெள்ளைக் கோட்டு. அமுதா என் கையை உதறிவிட்டுக் கத்தினாள்.

"டாக்டரம்மா!"

நாலு பேர் திரும்பினார்கள். பேச்சு மும்முரத்தில் ஜெயராணி மட்டும் திரும்பவில்லை.

அமுதா ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த யோசனையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு முழு மூச்சையும் இழுத்துக் கூப்பிட்டாள்:

"அம்மா!"

ஒருத்தி ஓடி வந்தாள். ஸ்டெதஸ்கோப் கழுத்திலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் மெட்ராஸிலேயே நல்ல இடங்களில் கூப்பிட்டார்கள். ஜெயராணி என் முகத்தைப் பார்த்தாள். "பெட்டி கட்டட்டுமா?" என்று நான்தான் கேட்டேன். கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டு விளைகிற கிராமங்களுக்குப் பக்கத்தில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் தியேட்டர் உண்டு. குளிர் உண்டு. எனக்கு வேலை உண்டா என்றுதான் தெரியவில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டோம்.

போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒருநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில், ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று நர்ஸ் சொன்னபோது ஜெயராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே போனாள். அந்தப் பெண்ணின் கணவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. எட்டு வயது அமுதா என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. குழந்தை அழும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து நர்ஸ் வந்து, "அம்மாவும் நல்லாருக்காங்க" என்றாள். சுவரைப் பார்த்து நின்ற மனிதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஜெயராணி வெளியே வந்தாள். அந்த மனிதனிடம் நாலு வார்த்தை பேசினாள். பிறகு வந்து எனக்கும் அமுதாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். என் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள்.

சேதி கேட்டு அந்தப் பெண்ணின் ஊர்க்காரர்கள் கும்பலாக உள்ளே வந்தார்கள். அமுதா பெஞ்சிலிருந்து குதித்து அவர்கள் முன்னால் போய் நின்று, வாயில் விரல் வைத்தாள்.

"மெதுவாங்க. எங்கம்மா தூங்குறாங்க."

எனக்குத் தோள் மரத்துப் போயிருந்தது... நான் அசையவே இல்லை.