புல்லுக்குப் போன நல்ல தண்ணி

யசோதராவுக்கு அருவருப்பு வராத பொருளை இறுப்பிட்டி என்ற அந்தத் தீவுக் கிராமத்தில் தேடிப் பிடிப்பது கடினம். பக்கற்றில் வரும் மிளகாய்த்தூளைக் கண்டால் மூக்கைச் சுளிப்பாள். பிளாஸ்டிக் பூவைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். கலியாண வீட்டில் வாடகைக் கதிரையின் சட்டின் உறையைத் தொட்டுவிட்டால், விரலைச் சேலைத் தலைப்பில் இரண்டு தரம் துடைப்பாள். "அரியண்டம்!" என்பதுதான் அவள் வாயில் எப்போதும் தயாராக நிற்கும் சொல். அதை ஒரு நாளில் எத்தனை தரம் சொல்கிறாள் என்று கணவன் பிரதாபன் ஒருமுறை எண்ணத் தொடங்கினான். காலைச் சாப்பாட்டுக்கு முன்னமே கைவிரல் போதாமல் விட்டுவிட்டான்.

இப்படி ஊரில் உள்ளதையெல்லாம் வெறுக்கிறவளுக்குத் தன் வளவுக்குள் வெறுக்க ஒன்றும் இருக்கவில்லை. வெறுக்க இடம் வைக்காமல் அவளே எல்லாவற்றையும் செய்து வைத்திருந்தாள். கடற்கரையில் ஒதுங்கும் சாதாளைப் பாசியை அள்ளிவந்து, மாரி மழையில் கிடந்து உப்புக் கழுவுப்பட விட்டு, பிறகுதான் கத்தரிக்கு அடியில் புதைப்பாள். அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, மீன் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு, குளித்த தண்ணீர் வாழைக்கு. மல்லிகைக்கும் பயற்றங்கொடிக்கும் மட்டும் கிணற்றிலிருந்து நேரே அள்ளிய தண்ணீர், ஏனென்றால் அவை செல்லப்பிள்ளைகள்.

குசினி யன்னலுக்குத் தையல்கடை எறிகிற வெட்டுத்துண்டுகளைப் பொருத்தி ஒரு திரை தைத்திருந்தாள். வெயில் அதனூடாக வரும்போது அடுப்படி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக விழும். வேப்பம்பூ வடகத்தைப் பாயில் காயவைத்துவிட்டு, காகத்துக்குக் காவலாகக் கையில் ஊசிநூலோடு அந்த யன்னலருகே உட்காருவாள். அந்த நேரத்தில் அவளைப்போலச் சந்தோசமான மனுசி தீவில் வேறு இல்லை.

குறை ஒன்றே ஒன்றுதான். நல்லாயிருக்கு என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பிரதாபன் நயினாதீவுப் படகில் வேலை செய்கிறவன். கடலில் கத்திக் கத்திக் களைத்து வருவதாலோ என்னவோ, வீட்டில் அவனுக்குச் சொல் பஞ்சம். "கறி எப்பிடி?" என்று கேட்டால் "இருக்கு" என்பான். "திரை வடிவோ?" என்றால் நிமிர்ந்து பார்த்து, "ஓம், வெயில் மறைக்குது" என்பான். மகள் கொழும்பில் வேலையோடு இருந்துவிட்டாள். அந்த ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இவ்வளவு கைவேலையையும் பார்த்து "ஆகா" என்று சொல்ல ஒரு காகம்தான் மிச்சம், அதுவும் வடகத்துக்காக வந்தது.

அப்படியிருக்கும்போதுதான் பக்கத்து வளவு ஜெகதீஸ் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்தான்.

"என்ன அக்கா, என்னை ஆரெண்டு மட்டுக்கட்டேலுதோ?" என்று படலையில் நின்று சிரித்தான். சின்னப் பெடியனாகப் போனவன், வழுக்கையோடு வந்திருந்தான். தகப்பனின் காணியில் பெரிய வீடு கட்டி முடிக்கும் கட்டத்தில் இருந்தான், ஆவணியில் குடிபூரல், புது வீட்டில் பால் காய்ச்சுகிற நாள். மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் குளிரூட்டிய விடுதியில் தங்க, அவன் மட்டும் கட்டட வேலை பார்க்க வந்து வந்து போனான். நல்ல பழக்கவழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

யசோதரா சோறு போட்டாள். கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய் வறை, பொரித்த வடகம். ஜெகதீஸ் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"உங்கட கை எண்டா கைதான் அக்கா. பாரிஸ் முழுக்கத் தேடினாலும் இப்பிடி ஒண்டு கிடையாது."

பிறகு குசினித் திரையைத் தொட்டுப் பார்த்தான். அங்கே ஒரு கடையில் தொங்கவிட்டால் சனம் சண்டை பிடித்து வாங்கும் என்றான். மல்லிகையை மணந்து பார்த்தான். யசோதராவின் முகம் அன்றைக்கு ஒரு சாண் அகன்றுபோனது. இரவு பிரதாபனுக்கு அந்தக் கதையை இரண்டு தரம் சொன்னாள். அவன் "ம்" என்றான்.

அடுத்த கிழமை பட்டணத்திலிருந்து ஒரு லொறி வந்தது. பாய் சுருட்டியதுபோலச் சுருட்டின புல்லு. அதை ஜெகதீஸின் முற்றம் முழுக்க விரித்தார்கள்.

யசோதரா வேலிக்கு மேலால் பார்த்தாள். தீவிலே முற்றத்தில் புல் நின்றால் அந்த வீட்டில் ஆளில்லை என்று பொருள். சண்டைக்காலத்தில் ஊரை விட்டு ஓடி, திரும்பி வந்த வருடம் அவள் முதல் செய்த வேலையே முற்றத்துப் புல்லைச் செதுக்கியதுதான். கூட்டிய வெள்ளை மணலில் விளக்குமாற்றின் கோடு தெரிய வேண்டும், அதுதான் வீடு. இவன் புல்லை விலைக்கு வாங்கி விரித்திருக்கிறான். அரியண்டம் என்ற சொல் தொண்டை வரை வந்தது.

"எப்பிடி அக்கா?" என்று ஜெகதீஸ் கேட்டான்.

"நல்ல வடிவு தம்பி," என்றாள் யசோதரா.

வந்த சொல்லை விழுங்கிவிட்டு வராத சொல்லைச் சொன்னாள். புகழ்ந்தவனைப் புகழாமல் விடுவது மரியாதையில்லை என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

புல்லுக்குத் தண்ணீர் வேண்டும். கிணறோ இரண்டு வளவுக்கும் நடுவே வேலியை மறித்து நிற்கும் பங்குக் கிணறு. தீவில் நல்ல தண்ணீர் என்பது கடலின் மேல் படிந்த பாலாடை போன்றது. மாரி மழை மண்ணுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற உப்புத்தண்ணீருக்கு மேல் மெல்லியதாய்த் தங்கும். வாளியால் பதமாக அள்ளினால் ஊறித் தரும். இயந்திரம் வைத்து உறிஞ்சினால் ஆடை கிழிந்து உப்பு மேலே வந்துவிடும். ஆகையால் கோடையில் சோளகக் காற்று எழும்பினால் அந்த ஒழுங்கையில் ஒருவரும் கிணற்றுக்கு மோட்டார் பூட்டுவதில்லை. காலையில் அள்ளுவார்கள், ஊற விடுவார்கள், பொழுதுபட அள்ளுவார்கள். இதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை, ஒருவரும் மீறியதுமில்லை.

ஜெகதீஸ் கேட்டுவிட்டுத்தான் செய்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அக்கா, குடிபூரல் வரைக்கும் மோட்டர் போடட்டோ? நீங்கள் வேண்டாமெண்டா வேண்டாம். ஆனா உங்களை மாதிரி மரஞ்செடியில உயிரா இருக்கிற ஆளுக்கு, ஒரு புல்லுக் கருகிறது எப்பிடி இருக்குமெண்டு தெரியும்தானே."

சோளகம் அப்போது படலையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. யசோதராவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே, "போடுமன் தம்பி. உம்மடையும் கிணறுதானே," என்றாள்.

பிரதாபன் வேலை முடிந்து வந்து மோட்டார்ச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசியது கலியாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தரம்.

"உமக்கு என்ன விசரே? சோளகத்தில ஆராவது மோட்டர் போடுறதே? அடியில கிடக்கிறது கடலப்பா! உப்பு ஏறினா எத்தினை மாரி பெய்தாலும் மாறுமெண்டு ஆர் கண்டது?"

"அவர் எவ்வளவு மரியாதையாக் கேட்டவர் தெரியுமே? உங்களை மாதிரி வாயில கொழுக்கட்டையோடயே இருக்கிறார்?"

பிரதாபன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

மோட்டார் காலையும் மாலையும் இரைந்தது. புல்லு பச்சைப் பசேலென்று நின்றது. குடிபூரலுக்கு வந்த சனம் செருப்போடு அதில் நடந்து படம் எடுத்தது. வாசலில் பிளாஸ்டிக் பூ வளைவு. சாப்பாடு பட்டணத்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது. எண்ணெய் மிதக்கும் சோறு, சாயம் போட்ட கோழி. "உங்கட கைப்பட ஏதாவது செய்து தாங்கோ அக்கா" என்று ஜெகதீஸ் கேட்டிருந்தபடியால், யசோதரா இரண்டு நாள் அடுப்படியில் நின்று பயற்றம் பணியாரம் சுட்டுக் கொண்டுபோனாள். அதை யாரோ சோடாப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது தட்டத்தில் எறும்பு மொய்த்திருந்தது. அப்போதும் அவள் ஜெகதீஸைக் குறைசொல்லவில்லை, சமையல்காரப் பெடியன்களைத்தான் திட்டினாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பருப்பு அவியவில்லை. கடைக்காரன் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனை ஏசினாள். உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரம் நுரைக்கவில்லை. சவர்க்காரத்தை ஏசினாள். மல்லிகை இலையின் ஓரம் தீய்ந்து சுருண்டது. பயற்றங்கொடி மஞ்சளாகிப் பூவை உதிர்த்தது. வெயிலை ஏசினாள். ஏசுவதற்கு ஆள் முடிந்த பிறகு, ஒரு காலை தேத்தண்ணீரை வாயில் வைத்தவள் முற்றத்தில் போய்த் துப்பினாள்.

நேரே கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி நாக்கில் வைத்தாள். கடல்.

அவள் அழவில்லை. அருவருத்தது. இந்த முறை பக்கற்றுத் தூளிலும் பிளாஸ்டிக் பூவிலும் அல்ல. ஒரு "ஆகா"வுக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்ற தன் முகத்தை நினைக்க நினைக்க அவளுக்குக் குமட்டியது. நாய்க்கு எலும்பு காட்டியதுபோல ஒருவன் இரண்டு சொல்லைக் காட்ட, வாலை ஆட்டிக்கொண்டு கிணற்றைக் கொடுத்துவிட்டாள். தலைமுறை தலைமுறையாக ஒழுங்கைச் சனம் காத்த தண்ணீர். அதற்கு அவள் வாங்கிய விலை, "உங்கட கை எண்டா கைதான்."

பிறகு பிரதேச சபையின் தண்ணீர் பவுசர் வரத் தொடங்கியது. வாசலில் குடத்தோடு நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும் காணும், மரஞ்செடிக்குக் காணாது. மல்லிகை செத்தது. கத்தரி காய்க்காமல் நின்றது. பிரதாபன் "நான் சொன்னனான்தானே" என்று ஒரு தரமாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் சொல்லாதது அதைவிட எரிந்தது.

ஜெகதீஸின் புல்லும் கருகிப்போனது. அது அவளுக்கு ஒரு சின்ன ஆறுதலாக இருந்திருக்கும், அதையும் அவன் விட்டுவைக்கவில்லை. பயணம் சொல்ல வந்தவன் வேலிக்கு மேலால் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"பரவாயில்லை அக்கா, படமெல்லாம் எடுத்தாச்சு. சரியான வெயில் என்ன? அடுத்தமுறை பிளாஸ்டிக் புல்லுப் போடுவம், தண்ணியும் தேவையில்லை."

குடிபூரலோடு விடுதிக்குப் போனவன் பிறகு இந்தக் கிணற்றில் கைகூடக் கழுவியதில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. யசோதரா சொல்வதற்கு எத்தனையோ வசனம் பாடமாக்கி வைத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் அவன் கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்கட கையால ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் பிளேன் ஏறவேணும் அக்கா."

யசோதரா குசினிக்குள் போனாள். பவுசர் தண்ணீர் குடத்தில் நிறைய இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. பின்கதவால் இறங்கி, கிணற்றில் ஒரு வாளி அள்ளினாள். கேத்தலில் ஊற்றிக் கொதிக்க வைத்து, நல்ல தேயிலை போட்டு, சீனி அளவாகப் போட்டு, இருக்கிறதில் வடிவான கோப்பையில் வார்த்துக் கொண்டுவந்தாள். அவன் துப்பட்டும். துப்பினால் பிறகு அவள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. "ஏன் அக்கா உப்பு?" என்று கேட்பான். கிணற்றைக் காட்டினால் போதும்.

ஜெகதீஸ் ஒரு வாய் குடித்தான். அவன் கண் ஒருதரம் சுருங்கியது. யசோதரா அதைக் கண்டாள். தொண்டை அசைந்து விழுங்கியதையும் கண்டாள். அவன் கோப்பையை இறக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தான். பிறகு மளமளவென்று மருந்து குடிப்பதுபோல முழுவதையும் குடித்து முடித்தான்.

"உப்புக் கரிக்கேல்லையே தம்பி?" யசோதராவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இல்லையே அக்கா. அச்சாவா இருக்கு." அவன் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "உங்கட கை எண்டா கைதான். பாரிஸ் முழுக்கத் தேடினாலும் இப்பிடி ஒண்டு கிடையாது."

அதே சொல். பால்கறிக்குச் சொன்ன அதே சொல், அதே சிரிப்பு. வேலிக்கு மேலால் "நல்ல வடிவு தம்பி" என்று அவள் சிரித்த சிரிப்பும் இதுதான். அவன் கும்பிட்டுவிட்டு வாகனத்தில் ஏறிப் போகும்வரை, பாடமாக்கிய வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

பொழுதுபடப் பிரதாபன் வந்தான். கேத்தலில் மிஞ்சியதைச் சூடாக்கி அவனுக்கும் ஒரு கோப்பை வார்த்துக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ஓடிப்போய் முற்றத்து மணலில் துப்பினான்.

"தூ! என்ன அரியண்டமப்பா இது? கிணத்துத் தண்ணியிலயே போட்டனீர்? மனுசர் குடிப்பினமே இதை?"

"ஜெகதீஸ் முழுக்கக் குடிச்சவர்," என்றாள் யசோதரா. "என்ர கை எண்டா கைதானாம்."