மொட்டை முருகவேல் எடுத்த தாவல்

பழனி அடிவாரத்தில் நின்று "முருகவேல்" என்று கூப்பிட்டால் நாலு கடையிலிருந்து தலை நீளும். மலைமேல் இருப்பவரின் பெயரையே பாதி ஊருக்கு வைத்துவிட்டதால், ஆளைப் பிரித்தறிய முன்னால் ஏதாவது ஒட்டாமல் தீராது. பஞ்சாமிர்தம் முருகவேல் உண்டு, குதிரைவண்டி முருகவேல் உண்டு. சாமி படங்களுக்குச் சட்டம் போட்டு விற்பவர் போட்டோ முருகவேல். ஆகவே, உண்மையிலேயே போட்டோ எடுக்கிற என் அக்கா வீட்டுக்காரருக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. முடியிறக்கிச் சந்தனம் பூசி வருகிற குடும்பங்களை வரிசையாக நிறுத்திப் படம் பிடிப்பவர் என்பதால் அவர் மொட்டை முருகவேல். இத்தனைக்கும் ஐம்பது வயதிலும் சீப்பு சிக்கிக்கொள்கிற தலைமுடி அவருக்கு.

அந்தப் பெயரைத் தலைமுழுக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே லட்சியம். நான் வெளிநாட்டிலிருந்து எப்போது கூப்பிட்டாலும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். "மாப்ள, ஒரு தடவையாச்சும் என் பேரு வெறும் முருகவேல்னு அச்சுல வரணும். முன்னால எதுவும் ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாது."

மொட்டைப் படத்தில் அவருக்கு ஈடு கிடையாது. ஈரச் சந்தனத் தலையில் வெளிச்சம் தெறிக்காமல் விளக்கைச் சாய்க்கத் தெரியும். அதைவிட முக்கியம் குரல். "அசையாம! மூச்சு விடாதீங்க!" என்று ஒரு அதட்டல் போட்டால், அழுகிற குழந்தைகூடத் திறந்த வாயை மூடாமல் அப்படியே நின்றுவிடும்.

போன கோடையில் கோயிலுக்கு வந்த ஷர்மிளா ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பரதநாட்டிய வகுப்பு நடத்துபவர். ஆண்டுவிழா அழைப்பிதழின் அட்டைக்குப் படம் வேண்டும், அதில் மாணவி சுபஸ்ரீ இரண்டு காலும் தரையில் படாமல் தாவ வேண்டும். வேறொருவர் எடுத்ததைச் செல்பேசியில் காட்டினார்.

"பாருங்கண்ணே. காலு எங்க கெடக்குன்னு நீங்களே கண்டுபிடிங்க."

கால் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் பனிமூட்டம் இருந்தது.

"இதயே நான் பளிச்சுன்னு எடுத்துக் குடுத்தா?"

"அட்டையிலேயே ஒங்க பேரைப் போட்டுர்றேன்."

அதற்குப் பிறகு மச்சான் வேறெதையும் விசாரிக்கவில்லை.

ஆடுகிற உடம்பை உறைய வைக்க நல்ல ஃபிளாஷ் விளக்கு வேண்டும். நான் இருக்கும் ஊரில் அது சல்லிசாகக் கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொண்டால் என்ன செய்வது, இந்த ஊர் பிளக் அந்த ஊர்ச் சுவரில் புகைந்தால் என்ன செய்வது என்பது என் கவலை. கடைசியில் மதுரையிலேயே வாங்கினார். கூடவந்த ஆங்கிலக் குறிப்பை வீடியோவில் காட்டச் சொல்லிப் படித்துச் சொல்வதோடு என் சோலி முடிந்தது.

வாங்கியது கடையிலேயே பெரிய விளக்கு. வெளிச்சம் எவ்வளவு பலமோ அவ்வளவு வேகம் என்பது அவர் கணக்கு. "லாரி போற வேகத்துக்கு மொபெட்டு போகுமா மாப்ள?" பெட்டியின் மேல், நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே எரியும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எந்த நிலையில் வைத்தால் அந்த வேகம் என்பதை உள்ளே எறும்பு படிக்கிற எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அதை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவர் விளக்கை முழுப் பலத்துக்கு ஏற்றிவிட்டார்.

சோதனைக்கு மின்விசிறி. ஒரு தாளில் "முருகவேல்" என்று எழுதி இறக்கையில் ஒட்டினார். சன்னலைச் சாத்தி, விசிறியைச் சுழலவிட்டு, பளீரென்று ஒரு வெட்டு வெட்டினார். படத்தில் பெயர் இல்லை, சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரு இழுப்பு. மறுபடி எடுத்தார். மறுபடியும் சுண்ணாம்பு. விளக்கை மதுரைக்கே திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவதாகக் கத்தினார்.

உள்ளே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சிவபாக்கியம் அக்கா குரல் கொடுத்தாள். "ஏங்க, கண்ணு அவிஞ்சு போகும்போல இருக்கு. அதக் கொஞ்சம் கொறைச்சுத் தொலைங்களேன்."

கோபத்தில் ஒரேயடியாகக் குறைத்துவிட்டு இன்னொன்று எடுத்தார். படம் இருட்டாக இருந்தது. ஆனால் அந்த இருட்டுக்குள் "முருகவேல்" என்று ஒரு கொம்பு, ஒரு புள்ளி தவறாமல் தெரிந்தது. முன்னால் எதுவும் ஒட்டாமல்.

அப்போதுதான் எறும்பெழுத்து எனக்கும் விளங்கியது. முழுப் பலத்தில் விளக்கு எரிந்து அணைய நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்துக்குள் விசிறி நகர்ந்துவிடும். குறைத்து வைத்தால் வெளிச்சம் வெடுக்கென்று நின்றுவிடும். இருட்டறையில் அசைவை நிறுத்துவது கேமரா அல்ல, வெளிச்சத்தின் ஆயுசு.

"ஆக, லாரிய வாங்கிட்டு மொபெட்டுக்கு ஊத்துற பெட்ரோல ஊத்தி ஓட்டணும்ங்கிற."

அப்படித்தான் என்றேன். வெளிச்சம் குறைவதற்கு ஈடாக, விளக்கை ஆட்டக்காரியின் பக்கத்தில் நெருக்கி வைத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானும் அக்காவும் கொடைக்கானல் போனார்கள். என்னை வீடியோவில் கூப்பிட்டு, செல்பேசியைச் சுருதிப்பெட்டி மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். வகுப்பறைச் சன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டியிருந்தது. கொஞ்சம் சந்து விட்டாலும் பனிமஞ்சு உள்ளே வந்து, ஃபிளாஷ் அடித்ததும் பால் கொட்டினாற்போல் வெளுத்துவிடும். சுபஸ்ரீயைப் பள்ளங்கியிலிருந்து கூட்டிவந்த அப்பா வேலுச்சாமி நிலைகொள்ளாமல் நின்றார். "வெரசா முடிங்க, பூண்டு ஏத்த வண்டி நிக்குது."

ஷர்மிளா தாளக் கட்டையைத் தட்டினார். சுபஸ்ரீ மண்டியிட்ட நிலையிலிருந்து அம்பு மாதிரி எழும்பப் போனாள். மச்சானின் விரல் பொத்தானில் அழுந்தியது. கூடவே வாயும் திறந்தது.

"அசையாம!"

சுபஸ்ரீ கல்தூண்போல் நின்றுவிட்டாள்.

"அண்ணே, ஆடுங்கிறதும் நீங்கதான், அசையாதங்கிறதும் நீங்கதான்!"

"வாய்ல வந்துருச்சும்மா. நீ ஆடு பாப்பா."

அடுத்த தடவையும் வந்தது. அதற்கடுத்த தடவை வேலுச்சாமியும் சேர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டார். சுபஸ்ரீக்கு முதல்முடி இறக்கியபோது குடும்பத்தோடு நிறுத்திப் படம் எடுத்தவர் மச்சான்தான். அந்தக் குரலுக்கு அவர்கள் உடம்பு இன்னும் கட்டுப்பட்டது. எடுத்த படமெல்லாம் துல்லியம், எல்லாவற்றிலும் சுபஸ்ரீ அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் நின்றாள்.

அக்கா பைக்குள் கைவிட்டு ஆயக்குடிக் கொய்யா ஒன்றை எடுத்தாள். "இந்தாங்க, இதக் கவ்விக்கிட்டு எடுங்க. தின்னுறாதீங்க."

கட்டை தட்டியது. கொய்யா "ம்ம்" என்றது. ஃபிளாஷ் வெட்டியது.

சுபஸ்ரீ அந்தரத்தில் நின்றாள். சலங்கையில் ஒவ்வொரு மணியும் தனித்தனி. ஆடையின் விசிறி மடிப்பில் ஒரு மடிப்புகூட மங்கவில்லை. எனக்கே கை தட்டத் தோன்றியது. வேலுச்சாமி மட்டும் கேமராவை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா இது, புள்ளயக் கயித்துல கட்டித் தொங்கவிட்டாப்ல இருக்கு? இதுல ஆட்டம் எங்க இருக்கு?"

ஷர்மிளாவும் தயங்கினார். "கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டுனதுன்னு சொல்லிருவாங்களோண்ணே?"

கொய்யாவோடு மச்சானால் பதில் சொல்ல முடியவில்லை. எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விளக்கின் பலத்தைப் பாதிக்கு ஏற்றினார். அடுத்த தாவலில் முகமும் உடம்பும் தெளிவாக இருந்தன. சடை நுனியும் விரல் நுனியும் மட்டும் லேசாகக் கரைந்திருந்தன.

"இப்பத்தான் ஆடுது" என்று சொல்லிவிட்டு வேலுச்சாமி பூண்டு வண்டிக்கு ஓடினார். எந்த மங்கலை ஒழிக்க மச்சான் விளக்கு வாங்கினாரோ, அதிலேயே ஒரு சிட்டிகையைத் திரும்பப் போட்ட பிறகுதான் படம் படமானது.

அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்று மச்சான் என்னை வீடியோவில் கூப்பிட்டார். அட்டையில் சுபஸ்ரீ தாவிக்கொண்டிருந்தாள். காலடியில் தங்க எழுத்து: "ஒளிப்படம்: மொட்டை முருகவேல், பழனி."

ஷர்மிளாவிடம் கேட்டாராம். "அச்சாபீஸ்ல எந்த முருகவேல்னு கேட்டாங்கண்ணே. சாமி படக்காரர்னு யாரும் நெனச்சிரக் கூடாதுல்ல? ஒங்க ஒழைப்பு இன்னொருத்தருக்குப் போயிரக் கூடாதுன்னுதான்…" அதற்குள் திண்டுக்கல்லிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் இரண்டு நாட்டிய வகுப்புக்காரர்கள் அவர் எண்ணை விசாரித்துவிட்டார்கள், பெயர் பிசகாமல்.

மச்சான் அட்டையில் "மொட்டை"யைக் கட்டைவிரலால் மறைத்து மறைத்துப் பார்த்தார். அக்கா அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தானங்க வந்திருக்கு. ஒரு எழுத்தாச்சும் அசைஞ்சிருக்கா பாருங்க."