நாவல் மரத்து ரிப்பன்

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், தீர்ந்துபோன பேட்டரிகளுக்கும் ஊதாத விசில் ஒன்றுக்கும் நடுவே, மூன்று வருடமாக ஒரு ஆரஞ்சு ரிப்பன் கிடந்தது. ஒரு முழ நீளம் இருக்கும். ஒரு முனையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம், அதை இறுக்கிப் பிடித்தபடி ஒரு முடிச்சு. வீட்டில் யாராவது அதைக் குப்பையில் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். யாரும் போடவில்லை. போட எனக்கும் துணிச்சல் வரவில்லை.

அதைக் கட்டியவரை எங்கள் ஓட்டக் கிளப்பில் ரிப்பன் அண்ணன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். கொடைக்கானலுக்கு மேலே, மேல்மலைக் கிராமம் ஒன்றில் பூண்டு போடுகிறவர். இளவயதில் மட்டக்குதிரையில் மூட்டை ஏற்றி இறக்கியதால் மலையில் அவருக்குத் தெரியாத ஒற்றையடிப் பாதை கிடையாது. எங்கள் ஓட்டத்தின் மேல் அவருக்குத் துளி மரியாதையும் கிடையாது. “சோலி இல்லாம எதுக்கு சார் இம்புட்டு மேட்டுல ஓடுறீங்க?” என்று வருடா வருடம் கேட்பார். கேட்டுவிட்டு, போட்டிக்கு முதல் நாள் வெள்ளனே கிளம்பித் தனியாக இருபத்தொரு கிலோமீட்டரும் நடந்து, பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஓட வேண்டிய பக்கமாக ரிப்பன் கட்டிவிட்டு வருவார். பூண்டுத் தாள்களைச் சேர்த்துக் கட்டுவார்களே, அதே கட்டு. இரண்டு சுற்று, ஒரு சொருகல், ஒரு இழுப்பு. “காத்துக்கு அவுந்தா அது கட்டே இல்ல சார்” என்பார். போட்டி முடிந்து அவற்றை எடுக்கப் போகிறவர்கள் கத்தரிக்கோலோடுதான் போவார்கள்.

அந்த ரிப்பன் என் கைக்கு வந்த வருடம் எனக்கு நாற்பத்தொன்பது வயது. பள்ளிக்கூட அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து வந்த தொப்பையைக் கரைக்கக் கிளப்பில் சேர்ந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. கோப்பை என்று ஒன்றைத் தொட்டதில்லை. பெருமாள்மலை முக்கில் தொடங்கி, காப்பித் தோட்டங்கள் வழியாக இறங்கி, சோலைக்குள் ஏறி, மறுபடி முக்குக்கே வந்து சேரும் ஓட்டம் எங்களுடையது. பாதி வழியில் தண்ணீர் கொடுத்த பையன்கள், நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரில் நான் மூன்றாவது என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட திண்டுக்கல்காரர் ஒருவர் மூச்சு வாங்கியபடி நெருங்கிக்கொண்டிருந்தார். அவர்தான் நான்காவது.

சோலைக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் மேடு, அதுதான் எங்கள் வழி. இடப்பக்கம் பள்ளம், அது ஓடைக்குப் போய் முடியும். பிரிவில் ஒரு நாவல் மரம். அன்று அதன் தாழ்ந்த கிளை முறிந்து தரையில் கிடந்தது. பக்கத்தில் காட்டுமாட்டுச் சாணம், இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. முறிந்த கிளையிலிருந்து உருவிக்கொண்டு ரிப்பன் மண்ணில் கிடந்தது. எங்கள் கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. பாதையில் மிட்டாய்த் தாள் கிடந்தால்கூட ஓட்டத்தை நிறுத்தாமலேயே குனிந்து எடுத்து இடுப்புப் பைக்குள் போட்டுக்கொள்வோம். காட்டில் பிளாஸ்டிக்கை விட்டுவரக் கூடாது என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. என் கை அதைத்தான் செய்தது. குனிந்தேன், எடுத்தேன், பைக்குள் திணித்தேன், வலப்பக்கம் ஏறினேன். ஞாயிறுதோறும் ஓடிப் பழகிய பாதை, எனக்கு ரிப்பன் தேவைப்படவில்லை.

பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பத்தடி தூரத்துக்கு உண்மை. பத்தாவது அடியில், நான் எடுத்தது குப்பை அல்ல என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் போய் வேறு கிளையில் கட்டியிருக்கலாம். குளிரில் விரைத்த விரல்களோடு கட்டினாலும் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் வெள்ளைத் தொப்பி வந்துகொண்டிருந்தார். நான் நிற்கவில்லை. என் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்ததால் அவருக்கு வழி தவறவில்லை. அவருக்குப் பின்னால் மூடுபனியில் வந்த ஆறு பேர் இடப்பக்கம் இறங்கினார்கள். ஆறு பேரில் எங்கள் கிளப்பின் டீச்சரம்மாவும் ஒருவர். ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து அவர் கணுக்கால் முறிந்தது. தோட்டத்து ஆட்கள் கம்பளியில் போட்டுத் தூக்கிவந்தபோது, நான் என் மூன்றாம் பரிசுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

மறுநாள் கூட்டத்தில் ரிப்பன் அண்ணனை நிற்க வைத்தே கேட்டார்கள். “நாவ மரத்துல கட்டுனீங்களாண்ணே?” என்றார் கிளப் தலைவர். “கட்டுனேன் சார்.” “அப்புறம் ரிப்பன் எங்க? கிளை ஒடிஞ்சு கெடக்கு, அடியில ரிப்பனைக் காணோமே.” “கட்டுனேன் சார்” என்றார் மறுபடியும். ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நான்காவது முறை அவர் தரையைப் பார்த்தபடி, “கட்டிருப்பேன் சார்” என்றார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அன்று காலையே என் இடுப்புப் பையைத் துவைக்க எடுத்தபோது ரிப்பனைப் பார்த்திருந்தேன், முடிச்சு கொஞ்சமும் நெகிழாமல் இருந்தது. அவர் கட்டினார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சியை வீட்டில் வைத்துவிட்டு, கூட்டத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். டீச்சர் ஓடுவதை விட்டார். அண்ணனை அடுத்த வருடம் யாரும் கூப்பிடவில்லை.

இந்த வருடம் ரிப்பன் கட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நாவல் மரத்தடியில் போய் நின்றேன். முறிந்த கிளைக்குப் பக்கத்துக் கிளையில் கட்டினேன், அவிழ்ந்தது. மறுபடி கட்டினேன், தொங்கியது. அந்தக் கட்டு எனக்கு வரவில்லை. அடுத்த வாரம் இழுப்பறையைத் திறந்து ரிப்பனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேல்மலை பஸ் ஏறினேன்.

வீட்டு முற்றத்தில் அவர் பூண்டு கட்டிக்கொண்டிருந்தார். “வாங்க சார், ஒக்காருங்க” என்றார், பழைய மாதிரியே. ஆனால் கட்டிய கட்டை அவிழ்த்தார், மறுபடி கட்டினார், இழுத்துப் பார்த்தார், திரும்பவும் அவிழ்த்தார். டீ கொண்டுவந்த அவர் மனைவி, “இப்பெல்லாம் இப்படித்தான் சார். பூட்டுன கதவ நாலு தடவ போய்ப் பாக்குறாரு. மோட்டார நிறுத்துனமான்னு பாதி ராத்திரி எந்திரிச்சுப் போறாரு” என்றார். “வயசாயிருச்சுல்ல. கட்டாமலே கட்டுனேன்னு அன்னிக்கு அத்தன பேரு முன்னால சொல்லிட்டேன். பாவம் டீச்சரு” என்றார் அண்ணன்.

நான் நினைத்திருந்தது வேறு. மூன்று வருடமாக அவர் எங்கள் மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ளத்தான் மனதைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கோபமெல்லாம் தன் கையின் மேல் இருந்தது. டீயை வைத்துவிட்டு ரிப்பனை எடுத்து நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். வெள்ளைத் தொப்பியையும் விடாமல் சொன்னேன்.

அவர் நான் சொன்னதில் பாதியைக் கேட்டிருப்பாரா என்பது சந்தேகம். முடிச்சை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் நெருடினார். பிறகு என்னைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்து, “இந்தா, இங்க பாரு. நான் கட்டிருக்கேன். நல்லாத்தான் கட்டிருக்கேன்” என்றார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட ஒரு அறை வாங்கியிருக்கலாம்.

அந்தம்மா ரிப்பனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். “மூணு வருசமா இது எங்க சார் இருந்துச்சு?”

“என் மேசையில” என்றேன்.

கீழே வரும் பஸ்ஸிலிருந்தே தலைவருக்குப் போன் செய்து சொன்னேன். “விடுங்க சார், பழைய கதை. இப்ப எதுக்கு அதெல்லாம்?” என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்வேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்கு முன் டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டும். ரிப்பனை அண்ணன் திருப்பித் தரவில்லை, கேட்க எனக்கு வாயும் இல்லை. இழுப்பறையில் இப்போது பேட்டரிகளும் விசிலும் மட்டும் கிடக்கின்றன. டீச்சரிடம் வெறுங்கையோடுதான் போகப்போகிறேன்.