வாய் மூடி இருந்தால் வாங்கியதாகுமா

எனக்கு வயது எழுபத்து நான்கு. ஆறு பேரைப் பெற்று ஆறு பேரையும் வளர்த்தேன். கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து, ஓலைக் கடவத்தில் தலைச்சுமையாகக் கொண்டுபோய், பூதப்பாண்டி வரை வீடு வீடாக விற்று வளர்த்தேன். ஐந்து பேர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். ஆறாவது மகன், எல்லோரையும்விட அதிகம் படித்தவன், ஒரு வருஷமாகப் பேசுவதில்லை. ஏன் என்பதற்கு அவன் ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறான். நடந்தது இதுதான். நான் சொல்கிறேன், அவன் மகள் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். பஸ் போர்டும் ஜெபப் புத்தகமும் நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதத்தான் கை வராது.

வளைகுடா வேலையை விட்டு வந்தபிறகு அவன் மாடி அறையை விட்டு இறங்குவதே அபூர்வம். கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கிற சாமான் ஒன்று உண்டாம், லினக்ஸ் என்று. அதில் பல வகை. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். என் மகன் சேர்ந்திருந்த கூட்டம் செய்வது இருப்பதிலேயே கடினமான வகை. கறுப்புத் திரையில் வரிவரியாகக் கட்டளை அடிக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் ஒன்றும் நடக்காது. எங்கெங்கோ இருக்கிற பத்துப் பதினைந்து பேர் சம்பளமில்லாமல் அதைச் செய்துகொண்டு, அந்தக் கஷ்டத்தையே பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒருவன் வந்து சந்தேகம் கேட்டால், "முதலில் போய் வாசித்துவிட்டு வா" என்று பதில் போடுவார்களாம். இதைச் சாப்பிடும்போது சொல்லி என் மகன் சிரிப்பான். ஏலக்கரைக்குப் புதிதாக வருகிற பெண்ணை முழங்கையால் இடித்துப் பின்னே தள்ளுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானே தள்ளியிருக்கிறேன். ஆனால் சோற்றின் முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சிரித்ததில்லை.

அவன் மனைவிக்கும் அவனைப் போலக் கம்ப்யூட்டர் படிப்புதான். மீன் தலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிற வயல்காட்டுப் பெண். எனக்கு அவளைப் பிடித்ததில்லை, அவளுக்கும் என்னைப் பிடித்ததில்லை. அதை நாங்கள் ஒளித்து வைத்ததும் இல்லை. அவள் எட்டு மாதம் உட்கார்ந்து, இந்த லினக்ஸைப் புதியவர்கள் தாங்களே கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ள ஒரு வழி செய்திருந்தாள். கறுப்புத் திரை கிடையாது. ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி, தமிழில், பெரிய எழுத்தில். ஆனால் என் மகன் சரி என்று அனுப்பினால்தான் கூட்டம் அதை எடுத்துப் பார்க்கும். அவன் அனுப்பாவிட்டால் எட்டு மாதமும் வீண்.

ஒருநாள் நான் அடுக்களையில் சாளை மீன் வெட்டிக்கொண்டிருக்கிறேன். முன்னறையில் சத்தம்.

"இதைச் சேத்தா கண்டவனும் வருவான். கேள்வி கேட்டே நம்ம உயிரை எடுப்பான்."

"வரட்டும்னுதானே செஞ்சிருக்கேன்?" என்றாள் அவள்.

"எங்க எம்மாவைப் போல உள்ளவங்களுக்கு லினக்ஸ் என்னத்துக்குட்டீ?"

கத்தியோடு எழுந்து போனேன். "ஏலே, உங்க எம்மாவைப் போலன்னா எப்படிலே?"

"கோவப்படாத எம்மா. படிக்காதவங்களைச் சொன்னேன்."

"நீ படிச்சது யாரு கடவத்துலலே?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் என்னைச் சுட்டது. "சரி, ஒரு பந்தயம். எம்மா ஒத்தைக்கு உக்காந்து, யாருகிட்டயும் ஒண்ணும் கேக்காம, கடைசிப் பக்கம் வரை போகட்டும். போனா நான் அனுப்புதேன். போகல்லன்னா இவ இந்த வேலையை விட்டுரணும். இவ வாயைத் தெறந்தாலும் தோத்தாச்சு."

"வேண்டாம் மாமி," என்றாள் மருமகள். என்னால் முடியாது என்று அவளும் நினைக்கிறாள். அந்த ஒரு சொல்லுக்காகவே ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கரண்ட் இல்லை. ஆரல்வாய்மொழியில் கரண்ட் எடுக்கிற காற்றாடி அத்தனை சுற்றுகிறது, எங்கள் வீட்டு விளக்குக்கு மட்டும் காற்று வருவதில்லை. பத்து மணிக்கு மேல்தான் வந்தது. மகன் தன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். "நான் வெளிய இருக்கேன். அழுகை வந்தா கூப்பிடு எம்மா," என்று சொல்லிவிட்டுக் காப்பியோடு முற்றத்துக்குப் போனான்.

மருமகள் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். தட்டுகிற கட்டைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டி வைத்திருந்தாள். முதல் பக்கம் என்ன மொழி என்று கேட்டது. இரண்டாவது, ஊர். மூன்றாவது, பெயர். என் பெயரில் உள்ள எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டி முடிக்க அரைமணி நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை, நானும் அவசரப்படவில்லை. ரகசியச் சொல் கேட்டபோது, முப்பது வருஷம் மீனோடு ஏறி இறங்கிய பஸ்ஸின் நம்பரைத் தட்டினேன்.

அடுத்த பக்கம் சிவப்பாக வந்தது. எழுத்துக் கூட்டினேன். 'இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்.' கீழே இன்னும் இரண்டு வரி. அதற்கும் கீழே ஓர் எண் குறைந்துகொண்டே வந்தது.

அனைத்தும் அழிக்கப்படும் என்றால் யார் சம்மதிப்பார்கள்? நான் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன். ஏலத்தில் அதுதான் வழக்கம். விலை கட்டாதென்றால் வாயைத் திறக்கக் கூடாது, தலையை அசைக்கக் கூடாது. எண்ணி முடிந்ததும் மீன் வேறொருத்திக்குப் போகும். வாய் திறக்காதவள் தலையில் யாரும் கடவத்தை ஏற்றி வைத்ததில்லை. பின்னால் மருமகளின் மூச்சு வேகமாக வருவது கேட்டது. நான் திரும்பவில்லை.

எண் முடிந்தது. பச்சைக் கோடு ஒன்று ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் 'முடிந்தது, வரவேற்கிறோம்' என்று வந்தது.

மகன் உள்ளே வந்து திரையைப் பார்த்தான். காப்பி டம்ளர் கீழே விழுந்தது.

யாருக்கும் காட்டாமல் இரண்டு வருஷமாக அவன் எழுதிவந்த ஏதோ ஒன்று அந்தக் கம்ப்யூட்டரில் இருந்ததாம். வேறெங்கும் நகல் இல்லை.

"பெறவு என்னத்துக்குலே அதைக் கொண்டு என் முன்னால வச்சே?"

"நீ மொத பக்கத்தையே தாண்ட மாட்டேன்னு நெனச்சேன்!"

மருமகளுக்கு அதற்குள் வாய் திறந்திருந்தது. "மாமி, அந்த எண்ணிக்கையை நான் வைக்கல்ல. இவருதான் வைக்கச் சொன்னாரு. விவரமில்லாதவங்க பதில் சொல்லத் தெரியாம முழிச்சிட்டு இருப்பாங்க, எண்ணி முடிஞ்சா தானா ஓடட்டும்னாரு."

"அவன் சொன்னா நீ வச்சிருவியா? எட்டு மாசம் உக்காந்து என்னத்தைட்டீ செஞ்சே?" என்றேன். அவள் முகம் சுருங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை.

மகன் என்னைப் பார்த்துக் கத்தினான். "எளுதியிருக்குல்லா, வேண்டாம்னா அமுக்கணும்னு? வாசிச்சியா?"

"நான் வாசிக்கிற வேகத்துக்கு உன் எண்ணு நிக்கல்ல. கடற்கரையில வந்து கேளு, வாயை மூடிட்டு நின்னவ மீன் வாங்கினாளான்னு. என் வாயில இருந்து சம்மதம் வராம என் தலையில எதையும் ஏத்தப்பிடாது. இனி பந்தயத்தைச் சொல்லு. கடைசிப் பக்கம் வரை போனேனா? யாருகிட்டயாவது கேட்டேனா?"

நான் ஜெயித்தேன் என்று இங்கே சொல்லவில்லை. வேண்டாம் என்று நினைத்து உட்கார்ந்தவள் நான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் பந்தயம் வைத்தவன் அவன். நான் விடவில்லை.

அந்த வாரமே மருமகள் எண்ணிக்கையை எடுத்துவிட்டாள். இப்போது அந்தச் சிவப்புப் பக்கம் ஆள் சம்மதம் சொல்லும் வரை அப்படியே நிற்கிறது. ஒருநாள் ஆனாலும் நிற்கிறது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டத்துக்கு அனுப்பினான். அங்கேயும் சண்டை போட்டார்களாம், பிறகு சேர்த்துக்கொண்டார்களாம். புதியவர்கள் வருகிறார்கள் என்று மருமகள் சொல்கிறாள். எனக்கு நன்றி சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மீன் தலையை இன்னும் ஒதுக்கித்தான் வைக்கிறாள்.

மகனோ, படிக்காத அம்மா தன் இரண்டு வருஷத்தை அழித்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்கிறான். அழித்தது யார் என்று சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன்.

ஏட்டி மக்கா, தட்டினது போதும். மேலேயிருந்து பைய வாசி. உங்க அப்பனைச் சொன்ன இடத்துல எதையாவது விட்டுட்டு வாசிச்சா எனக்குத் தெரியும். நான் செரின்னு வாயால சொன்ன பெறவு பத்திரப்படுத்து. சும்மா இருந்தேன்னு நீயா அமுக்கிராத. வாசி.