மூன்று ஃபோல்டர்கள்

கணவனை இழந்தவர்கள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து வெளியே வந்த வாரம், பக்கத்து வீட்டுப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க். அவள் கணவர் வளைகுடாவில் திடீரென்று இறந்து அங்கேயே அடக்கமாகிவிட்டார். பெட்டி மட்டும்தான் ஊருக்கு வந்தது. சட்டைகளுக்கு நடுவே இது இருந்திருக்கிறது.

"டீச்சர், ஃபோன்ல எடம் இல்லன்னு படம், வீடியோ எல்லாத்தையும் இதுலதான் போட்டு வைக்கிறேன்னு சொல்வாங்க. ரெண்டு கடையில குடுத்துப் பாத்தேன். கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குதுன்னுட்டாங்க."

நான் காரைக்காலில் ஒரு பள்ளியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். வீட்டில் லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. மற்றவர்கள் கைவிட்ட சில பென் டிரைவ்களை அதில் படித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெருமையில், "விட்டுட்டுப் போங்க, பாத்துடலாம்" என்றேன்.

செருகினேன். விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. இணைந்திருப்பவற்றைப் பட்டியலிடச் சொன்னேன். கீபோர்டு இருந்தது, மவுஸ் இருந்தது, டிஸ்க் இல்லை. கம்ப்யூட்டர் தனக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்புகளைத் திறந்தேன். ஏதோ புதிதாக வந்திருக்கிறது, யாரென்று கேட்டால் பதில் இல்லை, பிழை எழுபத்தொன்று. இதையே திரும்பத் திரும்ப எழுதிவிட்டு, முடியவில்லை என்று நிறுத்தியிருந்தது. முன்பக்கம் செருகியதைப் பின்பக்கம் மாற்றினேன். கேபிளை மாற்றினேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் அமைப்பை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அதே வரிகள்தான்.

ஒரு வாரம் பள்ளி விட்டு வந்ததும் இதே வேலையாக இருந்தேன். சாயங்காலம் அவள் மதில் ஓரம் வந்து நிற்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன். உள்ளே போய்விடுவாள்.

சனிக்கிழமை காலை, தனியாக மின்சாரம் எடுக்கும் யூ.எஸ்.பி. ஹப் ஒன்றைப் பள்ளியிலிருந்து கொண்டுவந்து அதன் வழியாகச் செருகினேன். டிஸ்கிற்குள் டிக் டிக்கென்று சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துத் திரையில் மூன்று ஃபோல்டர்கள் வந்தன. ஒன்று 'ரூம்'. இன்னொன்று 'கடை'. மூன்றாவது 'வீட்டுக்கு'.

அந்தச் சத்தம் வந்தால் டிஸ்க் அதிக நேரம் தாங்காது என்று எனக்குத் தெரியும். கண்ணில் பட்டதும் முதலில் நகலெடு, மற்றதெல்லாம் அப்புறம் என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் நகலெடுக்காமல் எழுந்து ஓடினேன். அவள் முகம் மலர்வதைப் பார்க்கும் ஆசை. வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

அவள் பட்டினச்சேரியிலிருந்து வந்த மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை கழுவி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வருவதற்குள் திரை வெறுமையாகியிருந்தது. கழற்றிச் செருகினேன். சத்தம் மட்டும் வந்தது. மறுபடி மறுபடி செருகினேன். கடைசியில் சத்தமும் நின்றது.

"இப்பதான் இருந்துச்சு" என்றேன்.

"என்ன இருந்துச்சு டீச்சர்?"

மூன்று பெயரையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"வீட்டுக்குன்னா, எங்களுக்கா?"

"தெரியலம்மா. தொறக்கல."

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டிஸ்கை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "அல்லா நாடல. நீங்க என்ன செய்வீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தம்பி அதைச் சென்னைக்கு எடுத்துப் போனான். அங்கே பிரித்துப் பார்த்தார்களாம். உள்தட்டு முழுக்கக் கீறல், இனி ஒன்றும் எடுக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நோன்பு வந்ததும் வருஷா வருஷம் போல் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். தூக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு போனேன். அன்று நான் ஓடி வராமல் உட்கார்ந்து நகலெடுத்திருந்தால் கொஞ்சமாவது கிடைத்திருக்கும் என்று.

வாசலுக்கு வந்து தூக்கை வாங்கிக்கொண்டாள். "இத ஏன் கழுவிக்கிட்டு வந்தீங்க டீச்சர்" என்றாள்.

"பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.