என் தோட்டைப் போட்டுக்கொண்ட ஜைனம்பு அக்கா

ரிஸ்வானா, இந்த நேரத்தில் உன் போனில் இது வந்து விழுவதற்கு மன்னித்துக்கொள். பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். அவள் அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றிவிட்டு விடிந்துதான் வருவார். உன் அம்மாவின் நாற்பதாம் நாளன்று கொடுக்கும் சின்னப் புத்தகத்துக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி நீ கேட்டு இரண்டு வாரமாகிறது. தினமும் உட்கார்ந்தேன். தினமும் ஒரு பயம் வந்து எழுத விடாமல் செய்தது. அந்தப் பயத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். எதை அச்சில் வைப்பது, எதை எடுப்பது என்று நீயே முடிவு செய்.

செய்தி வந்தபோது பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். கடையில் எங்களோடு வேலை பார்த்த செல்வி அழைத்து, “ஜைனம்பு அக்கா போயிட்டாங்கடி, விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம்” என்றாள். முதலில் நான் கேட்டது என்ன தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. “காதுல தோடு போட்டிருந்தாங்களா?” என்று கேட்டேன். செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லத்தான் முதலிலிருந்து வருகிறேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காக: திண்டுக்கல்லில் ஒரு நகைக்கடையின் மாடியில், வைரப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் இயற்பியல் பட்டத்தோடு அந்தக் கவுன்ட்டரில் போய் நின்றேன். சான்றிதழில் இருக்கும் ஆங்கிலத்தை நான் படிப்பேன். லென்ஸை எடுத்துக் கல்லைப் பார்த்து, சான்றிதழ் சொல்வது சரிதானா என்று அவர் சொல்வார். வயதில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர் என்றாலும் என்னை ஒருநாளும் சின்னப் பிள்ளையாக நடத்தியதில்லை. ஒருமுறை பில் காகிதத்தின் பின்பக்கம் வைரத்தை வரைந்து, மேலே விழும் ஒளி உள்ளே இரண்டு சுவர்களில் மோதி எப்படி மேலேயே திரும்புகிறது என்று கோடு போட்டுக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “இம்புட்டு நாளும் நான் வாயால சொன்னத நீ படமாப் போட்டுட்ட” என்று அந்தக் காகிதத்தை மடித்து லென்ஸ் டப்பாவில் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் நிலக்கோட்டைப் பக்கம் கத்திரிக்காய் போடும் ஒரு விவசாயி, மகளுக்கு மூக்குத்தி வாங்க மனைவியோடு வந்திருந்தார். ஒரே எடையில், ஒரே நிறத்தில் இரண்டு கற்கள். விலை மட்டும் வேறு. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“எடை ஒண்ணுன்னா வெல ஒண்ணுதானம்மா? கத்திரிக்காய எடை போட்டுத்தான் விக்கிறோம். வடிவுக்கு எவன் காசு குடுக்கான்?”

“கோணக் காய மண்டியில அதே வெலைக்கு எடுப்பாகளாண்ணே?” என்றார் அக்கா.

அவர் மனைவி சிரித்துவிட்டார். அக்கா இரண்டு கற்களையும் எடுத்துக்கொண்டு, கடை விளக்கு விழாத மாடிப்படித் திருப்பத்துக்கு அவர்களைக் கூட்டிப்போனார். கடை விளக்கில் கண்ணாடிகூட மின்னும், வீட்டுக் கூடத்தில் எப்படி இருக்கும் என்றல்லவா பார்க்க வேண்டும் என்பது அவர் வழக்கம். அந்த மங்கல் வெளிச்சத்தில் ஒரு கல் அப்போதும் துள்ளியது. மற்றதன் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தது.

“இதோட அடி ஆழம். எடை கொறையக் கூடாதுன்னு வெட்டுனவன் கனத்த அடியில விட்டுட்டான். மேல விழுகுற வெளிச்சம் திரும்பி வராம அடிவழியா ஓடிருது. நீங்க காசு குடுக்குற எடை, கண்ணுக்குத் தெரியாத எடத்துல கெடக்கு.”

விவசாயி விலை கூடிய கல்லையே வாங்கிப்போனார். அக்கா எப்போதும் விலை கூடியதையே தள்ளிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கவுன்ட்டரில் சின்னக் குழல் ஒன்று உண்டு. அதன்வழியே பார்த்தால், எல்லாப் பட்டைகளும் அளவு பிசகாமல் எதிரெதிரே அமைந்த கல்லில் எட்டு அம்புகள் தெரியும். மேலே உள்ள தட்டைப் பட்டை நடுவைவிட்டு நகர்ந்திருந்தாலும், பட்டைகளின் முனைகள் சந்திக்காமல் விலகிப் போனாலும் அம்பு ஒன்றிரண்டு கோணும். சான்றிதழில் சமச்சீருக்கான மதிப்பு இறங்கும், விலையும் இறங்கும். பிசகு பெரிதாக இருந்தால் கல்லின் ஒரு பாதி மின்ன, மறுபாதி மங்கிக் கிடக்கும். அதை வேண்டாம் என்று சொல்லிவிடுவார். குழலில் மட்டுமே தெரியும் சின்னப் பிசகு என்றால், “இந்தக் கொழல மூக்குல மாட்டிக்கிட்டா திரியப் போறீங்க? கம்மி வெலைக்கு வருது, எடுத்துக்கங்க” என்பார். முதலாளி காதில் விழும்படியே சொல்வார்.

எங்கள் ஊர்ப்பக்கம் வைரத்தை உடனே வாங்கிவிட மாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று ராத்திரி வைத்துப் பார்ப்பார்கள். கெட்ட கனவு வந்தாலோ, பிள்ளை விழுந்து அடிபட்டாலோ, ‘ஒத்துக்கல’ என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். நானும் செல்வியும் உள்ளே போய்ச் சிரிப்போம். அக்கா சிரித்ததில்லை. மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்வார். பயந்தவர்களிடம் கணக்குப் பேசக் கூடாது என்பார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மாடி ஏறும்போது அக்கா பாதியில் நிற்பார். போனைப் பார்ப்பதுபோல் நிற்பார். கடையில் வேலை பார்த்த எல்லோரும் சிறுமலைக்குப் போனபோது கொஞ்சம் மேட்டில் நடக்க வேண்டியிருந்தது. அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, “நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் பையப் பாத்துக்கிறேன்” என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ரிஸ்வானா, இதை நினைவில் வைத்துக்கொள்.

கல்யாணமாகித் தாடிக்கொம்புக்கு வந்தேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். பிள்ளைக்குக் காது குத்திய அன்று நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியார் எனக்கு ஏழுகல் வைரத் தோடு போட்டார். உறவுக்காரர் ஒருவர் அவசரமாக விற்றதை அவர் சேமிப்பில் வாங்கியது. அவசரத்தில் மூன்று ராத்திரி வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு வயதில் பிள்ளையின் இடது கண் மூக்குப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. “பாக்காம வாங்கிட்டேனே, என்னாலதான்” என்று அத்தை சோறு இறங்காமல் கிடந்தார். கண் மருத்துவர் கண்ணாடி எழுதிக் கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடச் சொன்னார். அப்போதுதான் சோம்பிக்கிடக்கும் கண் பார்க்கப் பழகும், இந்த வயதை விட்டால் கஷ்டம் என்றார். அத்தை ஒப்பவில்லை. “இருக்குற நல்ல கண்ணையும் மூடுறியே. மொதல்ல அந்தத் தோடு வீட்ட விட்டுப் போகட்டும்.”

ஒளி எப்படித் திரும்புகிறது என்று படம் போட்டவள் நான். ஆனாலும் தோட்டைக் கழற்றி விற்கத்தான் அக்காவிடம் போனேன். அக்கா லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். இடது தோட்டில் ஒரு கல் மட்டும் அடி ஆழம், அதனால் நடுவில் இருட்டாக இருக்கிறது, மற்றதெல்லாம் நல்ல வெட்டு, இதில் வேறொரு குறையும் இல்லை என்றார். பிறகு லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, “பிள்ளைக்குக் கண்ணக் கட்டுனியா, இல்லையா?” என்று கேட்டார். நான் அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்தார். அத்தை கையால் காபி வாங்கிக் குடித்தார். அத்தை முன்னாலேயே தோட்டைத் தன் காதில் மாட்டினார். “மூணு ராத்திரி பத்தாதும்மா, மூணு மாசம் நான் போட்டுக்கிறேன். கெட்டது இருந்தா எங்கிட்ட வரட்டும். அதுவரைக்கும் இவ பிள்ளைக்குக் கண்ணக் கட்டட்டும், நீங்க தடுக்கக் கூடாது” என்றார். அத்தை அவர் காதைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

இரண்டாம் மாதம் முடியவில்லை. செல்வி அழைத்துவிட்டாள்.

செய்தி கேட்ட அன்றே அத்தை பிள்ளையின் கண்ணில் ஒட்டியிருந்ததைப் பிரித்துப் போட்டுவிட்டார். கோபத்தில் இல்லை, பயத்தில். “அந்தப் புண்ணியவதி வாய்விட்டுச் சொல்லிச்சு, வந்துருச்சு. இன்னும் எவளப் பலி குடுக்கணும்?” என்றார். என் வீட்டுக்காரரும் கொஞ்ச நாள் நிறுத்தித்தான் பார்ப்போமே என்கிறார். ஒட்டாமல் மூன்று வாரமாகிறது. வரும் திங்கட்கிழமை மருத்துவரிடம் காட்ட வேண்டும். என்ன சொல்வேன்? துக்கம் கேட்க உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீ அந்தத் தோட்டைச் சின்ன டப்பாவில் போட்டு என்னிடம் நீட்டினாய். நான் வாங்காமல் வந்தேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். பயந்துதான் வாங்கவில்லை.

கடைசியாக அக்காவைப் பார்த்தது எங்கள் வீட்டு வாசலில். அக்காவின் மடியில் பிள்ளை, அவள் நல்ல கண்ணை ஒட்டி மூடியிருந்தது. சோம்பேறிக் கண்ணால் அக்கா காதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தவள், திடீரென்று விரலை நீட்டி ஒரு கல்லைத் தொட்டு, “லைட்டு இல்ல” என்றாள். நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். அந்த ஆழமான கல்தான். அக்கா பிள்ளையின் விரலைப் பிடித்து முத்தமிட்டார். “நான் லென்ஸ வச்சுப் பாத்தத இவ இந்தக் கண்ணாலயே பாத்துட்டாளே” என்று சொன்னவர் பஸ் வரும்வரை அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். போய் வாருங்கள் அக்கா. அந்த விரலையும் அந்தக் கண்ணையும் நான் விடமாட்டேன்.

ரிஸ்வானா, அம்மாவுக்கு நெஞ்சுத் தொந்தரவு முதலில் எப்போது வந்தது? மாத்திரை எதுவும் சாப்பிட்டார்களா? என் தோட்டைப் போட்டுக்கொள்வதற்கு முன்பே இருந்ததா? பழைய மருந்துச்சீட்டு ஏதாவது இருந்தால் ஒரு போட்டோ போதும், அத்தைக்குப் படித்துக் காட்டுவேன். தோடு உன்னிடமே இருக்கட்டும், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். திங்கட்கிழமைக்கு முன்னால் பதில் போடு.