வித்துரா வரை போய் ஒளிந்த கதை

மூன்று ஞாயிறுக்கு முன்னால் தம்பியைக் காரில் ஏற்றிக்கொண்டு வித்துராவுக்குக் கிளம்பினேன். எதிர்வீட்டு ரிட்டயர்டு மாமா செய்தித்தாளுக்கு மேலே கண்ணை மட்டும் தூக்கி, "தூரமா?" என்றார்.

எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே?' என்று கேட்கக் கூடாது. சகுனம் கெட்டுவிடும். 'தூரமா?' என்றுதான் கேட்க வேண்டும். சகுனமும் கெடாது, தகவலும் வந்துவிடும்.

"பொன்முடி மலைக்கு, மாமா. சும்மா காத்து வாங்க" என்றேன். பச்சைப் பொய்.

நாங்கள் போனது ஒரு மீட்டிங்குக்கு. போதைமருந்தை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கூட்டம். அங்கே டாக்டர் கிடையாது, பிரசங்கமும் கிடையாது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்கு — பெயர் ரகு என்று வைத்துக்கொள்வோம் — கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் வேலை. வயது முப்பத்தாறு. கஞ்சாவில் ஆரம்பித்து வெள்ளைத் தூளில் போய் நின்றான். இதை எழுத அவனிடம் அனுமதி வாங்கியாயிற்று. இரண்டு நிபந்தனைகள் போட்டான். பெயரை மாற்ற வேண்டும். தலைமுடி நிறைய இருப்பதாக எழுத வேண்டும். வாசகர்களே, ரகுவுக்கு மிக அடர்த்தியான தலைமுடி.

சென்ற வருடம் ஒருமுறை சிகிச்சை முடித்து வந்தான். தெருவில் 'பெங்களூரில் ப்ராஜெக்ட்' என்று சொல்லிவைத்திருந்தேன். வந்தவனை வீட்டுக்குள்ளேயே பொத்திப் பொத்தி வைத்தேன். மூன்றே மாதம்... மறுபடி ஆரம்பித்துவிட்டான். இந்த வருடம் மறுபடியும் சிகிச்சை, மறுபடியும் பெங்களூர். சிகிச்சை முடித்து அனுப்பும்போது அங்கிருந்த கவுன்சலர் பெண் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். எந்த ஊரில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூட்டம் என்ற பட்டியல்.

"வீட்டில் இருத்தினா மட்டும் போரா, சேச்சி. இதே வழியில நடந்து வந்த நாலு பேரோட இவர் இருக்கணும். இல்லைன்னா திரும்பிப் போயிடுவார்" என்று மலையாளமும் தமிழும் கலந்து சொன்னாள்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் இருக்கிறதே... மாப்பிள்ளை ஜாதகம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தேன். கழக்கூட்டத்தில் ஒன்று — ஐயோ, ஆபீஸ் ஆட்கள் பார்ப்பார்கள். பேட்டையில் ஒன்று — சித்தப்பா வீடு அங்கேதான். கோட்டைக்குப் பக்கத்தில் ஒன்று, வியாழன் சாயங்காலம், எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். அதைப் பேனாவால் அடித்தேவிட்டேன். தெருவே அந்த வழியாகத்தானே காய்கறி வாங்கப் போகிறது?

இப்படியே மூன்று வாரம் ஓடிற்று. ரகு ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை. பகலெல்லாம் படுத்துக் கிடந்தான். பேச்சு குறைந்தது. போனைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தான். போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது. அப்போதுதான் தாளின் கடைசி வரி கண்ணில் பட்டது. வித்துரா, ஞாயிறு காலை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி நம்மை யாருக்குத் தெரியப்போகிறது?

கூட்டம் நடப்பது ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். போர்டு எதுவும் இல்லை. கீழே டீக்கடைக்காரரிடம் சுற்றி வளைத்து விசாரித்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "மயக்குமருந்து நிர்த்தினவங்க மீட்டிங் அல்லே? மேலெயாணு, சேச்சி" என்றார், தபால் ஆபீசுக்கு வழி சொல்கிற குரலில்.

கூட வந்தவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. ரகு மட்டும் படியேறினான். நான் டீக்கடைக்குள் திரும்பினேன். மூலை பெஞ்சில், கையில் பழம்பொரியோடு (நேந்திரம்பழ பஜ்ஜி), அலமேலு மாமி. எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு.

"மாமி... நீங்க எங்க இங்கே?"

"பொன்முடிக்கு வந்தோம். நீ?"

"நாங்களும் பொன்முடிதான்."

"காத்து நன்னா இருக்குமாமே."

"ஆமா, மாமி. நல்ல காத்து."

காற்று வாங்க வந்த நாங்கள் இருவரும் புழுங்கும் டீக்கடைக்குள் பத்து நிமிஷம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் ஒன்று ரகுவுடையது. இரண்டு வருடமாக நான் கேட்காத சிரிப்பு. கண் நிரம்பிவிட்டது, மறைக்க முடியவில்லை. மாமி தன் புடவைத் தலைப்பை நீட்டினார்.

"என் கிச்சாவும் மேலேதான்டி இருக்கான்."

கிச்சா மாமியின் ஒரே பிள்ளை. மஸ்கட்டில் வேலை பார்ப்பவன். இந்த விஷுவுக்குக்கூட மஸ்கட் பேரீச்சம்பழம் எங்கள் வீடு தேடி வந்ததே?

"அது சாலைக் கடைத்தெருவுல வாங்கினதாக்கும்" என்றார் மாமி. "அவன் நெடுமங்காட்டுல என் தம்பி ஆத்துல இருக்கான். பதினோரு மாசமாத் தொடலை. ஆத்துக்கு வரேம்மா, வரேம்மான்னு கேட்டுண்டே இருக்கான். நான்தான்... தெருவுல என்னத்தைச் சொல்றது?"

மூலம் வந்தால்கூட வாசலில் நின்று விலாவாரியாகப் பேசுகிற தெரு எங்களுடையது. நானே இந்தப் பக்கத்தில் என் பல்செட் தொலைந்த கதையைக் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறேன். ஆனால் இதற்கு மட்டும் ஒருத்திக்கு மஸ்கட், ஒருத்திக்குப் பெங்களூர். நாலு வீடு தள்ளித் தள்ளி உட்கார்ந்து ஒரே அழுகையைத் தனித்தனியாக அழுதிருக்கிறோம். என்ன பிழைப்போ.

கூட்டம் முடிந்து ரகுவும் கிச்சாவும் சேர்ந்தே இறங்கி வந்தார்கள். கிச்சா முதலில் பார்த்தது அம்மா கையிலிருந்த பழம்பொரியை. மாமிக்குச் சர்க்கரை உண்டு.

"ஒண்ணே ஒண்ணுதான்டா. நாளைலேருந்து தொடமாட்டேன்."

"அம்மா, இது என் டயலாக்" என்றான் கிச்சா.

(மாமியும் கிச்சாவும் வேறு பெயரில் எழுத அனுமதித்தார்கள். பழம்பொரியை மட்டும் எழுதாதே என்றார் மாமி. மன்னிக்கணும், மாமி.)

ரகு என் கைப்பையிலிருந்து தாளை எடுத்தான். நான் அடித்து வைத்திருந்த வரியில் விரலை வைத்தான். "அக்கா, வியாழக்கிழமை நாங்க ரெண்டு பேரும் இதுக்குப் போறோம்."

"கோட்டைகிட்டயா? யாராவது பார்த்தா?" என்றேன். மாமியும் அதற்குத்தான் வாயெடுத்தார்.

"அந்தத் தூளை வாங்கப் போனப்போகூட, யாராவது பார்த்துடுவாளோன்னு நான் இவ்வளவு பயந்ததில்லை, அக்கா."

இத்தனை நாளும் ஒளிந்துகொண்டிருந்தது நான்தான். என் கௌரவம் காப்பாற்றப்பட வேண்டும், அதற்கு அவன் படுத்துக் கிடக்க வேண்டும். தூரமாகப் போய்த்தான் மீட்டிங்கில் உட்காருவேன் என்பவர் தாராளமாகப் போகட்டும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் உள்ளே உட்காருகிறவர். வெளியே டீ குடிக்கிறவர் அல்ல.

வியாழக்கிழமை மதியம் கிச்சா 'மஸ்கட்'டிலிருந்து வந்து இறங்கினான், நெடுமங்காடு பஸ்ஸில். சாயங்காலம் இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். நானும் மாமியும் எங்கள் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எதிர்வீட்டுச் செய்தித்தாள் மெல்லத் தாழ்ந்தது.

"தூரமா?"

"இல்லை, மாமா. பக்கத்துலதான்" என்றான் ரகு. "போதைமருந்தை விட்டவாளோட மீட்டிங். ஏழு மணிக்குத் திரும்பிடுவோம்."

மாமா ரகுவைப் பார்த்தார். கிச்சாவைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"மழை வரும் போலிருக்கு. குடை எடுத்துண்டு போங்கோ."

இதற்குத்தான் நான் போகவர எண்பது கிலோமீட்டர் ஓட்டினேன்.